சுற்றந்தழாலும் இளவேனிற் சந்திப்பும் – ஓர் ஆய்வு

முன்னுரை

மக்கள் வாழ்வில் மிக நீண்ட காலம் உடன்வரும் உறவு எது என்று வினவினால், பெற்றோர் என்றோ வாழ்க்கைத் துணை என்றோ விடை கூறுவோரே பலர். எண்ணிப் பார்ப்பின் அவ்விடை பொருந்தாது. பெற்றோர் நம் வாழ்வின் நடுப்பகுதியில் விடைபெறுகின்றனர். கணவனோ மனைவியோ வாழ்வின் இரண்டாம் பகுதியில்தான் வந்து சேர்கின்றனர். நாம் பெற்ற மக்களும் அவ்வாறே. தொட்டிற் பருவந்தொட்டு முதுமை வரை, எழுபது எண்பது ஆண்டுகள் உடன்வரும் உறவு உடன்பிறந்தார் உறவு ஒன்றே. ஆயினும் வளர்ந்தபின் நாம் மிகக் குறைவாகப் பேணுவதும் அவ்வுறவையே. ஆண்டுக்கொரு முறை, பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை தொடங்கும் நாள்களில், உடன்பிறந்தார் தத்தம் மக்களோடு ஓரிடத்தில் கூடும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உள்ளது. அவ்வழக்கத்தின் அடிப்படையைத் தமிழ்ச் சொற்களின் வழியாகவும், வட திருமுல்லைவாயில் போன்றதொரு புறநகரின் வாழ்வியல் வழியாகவும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவுச் சொற்களின் அமைப்பு

ஒரே வயிற்றில் பிறந்தமையே உடன்பிறப்புக்கு அடிப்படை என்பதைப் பல மொழிகள் தம் சொற்களிலேயே பொதிந்து வைத்துள்ளன. ‘சகோதரன்’ என்னும் வடசொல் ஒரே உதரத்தைப் பகிர்ந்தவன் எனப் பொருள்படும். கிரேக்க மொழியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘அடெல்போஸ்’ என்னும் சொல்லும் அதே பொருளுடையது. அரபு மொழியில் ‘ரஹிம்’ என்பது கருப்பை. உறவினரைச் சேர்ந்து வாழ்தலை அம்மொழி ‘ஸிலத்துர் ரஹிம்’, அதாவது கருப்பையின் தொடர்பைப் பேணுதல், எனச் சுட்டுகிறது. தமிழின் ‘உடன்பிறப்பு’ என்னும் சொல்லும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

எனினும் தமிழுக்கே உரிய சிறப்புகள் சில உள. அன்றாடப் பேச்சுத் தமிழில் மூத்தவர், இளையவர் என்னும் வேறுபாடின்றி உடன்பிறந்தானைக் குறிக்கும் தனிச்சொல் இல்லை. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று கூறியே ஆகவேண்டும். வயது வரிசையை நீக்கிவிட்டு இவ்வுறவைப் பற்றித் தமிழன் நினைக்கவும் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு சிறப்பு மேலும் நுட்பமானது. பழந்தமிழில் ‘எந்தை’ என்பது என் தந்தை. ‘நுந்தை’ என்பது நின் தந்தை. ‘தந்தை’ என்பது அவன் தந்தை. அவ்வாறே யாய், ஞாய், தாய் என்னும் மூன்று சொற்கள் அன்னையர்க்கு வழங்கின. எம்பி, நும்பி, தம்பி என்பன இளையவனுக்கும், எங்கை, நுங்கை, தங்கை என்பன இளையவளுக்கும் உரியன. அவற்றுள் படர்க்கைக்குரிய சொற்களே இன்று பொதுச்சொற்களாய் எஞ்சியுள்ளன. உறவுப் பெயரைத் தனியே சொல்லாது, ‘யாருக்கு உறவு’ என்பதையும் சேர்த்தே கூறிய மொழி நம் மொழி. ஒருவருக்கு உரியதாய் இராத உறவு உறவாகாது என்னும் கருத்தை இலக்கணமே தாங்கி நின்றது எனலாம்.

வட்டார வழக்குகளும் நோக்கத்தக்கன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் அண்ணனைக் ‘காக்கா’ என்பர். அக்காளை ‘ராத்தா’, ‘லாத்தா’ என்பர். இலங்கை முஸ்லிம்களிடம் அண்ணன் ‘நானா’ ஆகின்றான். சொல் வேறாயினும் மூத்தோர், இளையோர் என்னும் பாகுபாடு எங்கும் மாறவில்லை.

பெரியப்பன் மகனும் சிற்றப்பன் மகனும், பெரியம்மை மகனும் சிற்றன்னை மகனும் தமிழில் அண்ணன் தம்பியரே. மாமன் மக்களும் அத்தை மக்களும் மட்டுமே மச்சான், மைத்துனன், மைத்துனி முறையினர். இவ்வமைப்பு உலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. அமெரிக்க அறிஞர் லூயி ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில் தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றுள்ளன. அமெரிக்கப் பழங்குடியினராகிய செனகா மக்களின் முறையும் தமிழர் முறையும் பல இடங்களில் ஒத்திருப்பதைக் கண்டு அவர் வியந்தார். அவ்விரு மக்களும் ஒரே மூலத்தினர் என அவர் கொண்ட முடிவு பின்னர் நிலைக்கவில்லை. அவர் திரட்டிய சான்றுகளோ இன்றும் பயன்படுகின்றன. 1953இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் எழுதிய கட்டுரையும், 1981இல் தாமஸ் டிரவுட்மன் வெளியிட்ட ‘திராவிட உறவுமுறை’ என்னும் நூலும் இத்துறையில் குறிப்பிடத்தக்கன.

முல்லையும் இருத்தலும்

வட திருமுல்லைவாயில் சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். தொண்டைமான் மன்னனின் யானைக் கால்களை முல்லைக்கொடி பின்னித் தடுத்தது என்பது தலபுராணச் செய்தி. ஊர்ப்பெயரில் நிற்கும் முல்லை, தமிழ் மாணவர்க்கு அகத்திணையை நினைவூட்டாமற் போகாது. முல்லைத்திணையின் உரிப்பொருள் ‘இருத்தல்’. பிரிந்தவர் வருவர் என்னும் நம்பிக்கையோடு இல்லத்தில் ஆற்றியிருத்தலே அதன் கருத்து. அதற்குரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை.

இன்றைய திருமுல்லைவாயிலும் ஒருவகையில் இருத்தலின் ஊரே. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் திறக்கப்பட்டது. அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி ஆகியவற்றை ஊடறுத்துச் செல்வது அப்பாதையே. விடுதலைக்குப் பின் இவ்வழி நெடுகத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை செயற்படலாயிற்று. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் அங்கிருந்து முதல் விசயந்தா கவச ஊர்தி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அக்காலத்ததே. பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தோர் இப்பகுதியில் மனை வாங்கி, சிறுகச் சிறுக வீடு கட்டிக் குடியேறினர். ஆவடி நகராட்சியின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மூன்றரை இலட்சத்தை நெருங்கியது. 2019இல் ஆவடி மாநகராட்சியாயிற்று. திருமுல்லைவாயில் அதன் எல்லைக்குட்பட்டது.

அக்காலத்தில் வந்தவர்கள் கோடை தொடங்கியதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தம் சொந்த ஊர்களுக்குச் சென்றனர். மின்தொடர் வண்டியில் சென்ட்ரல் வரை சென்று, அங்கிருந்து எழும்பூர் அடைந்து, தென்மாவட்ட வண்டியேறுவது அவர்தம் வழக்கம். காத்திருந்தோர் ஊரில் இருந்த பெற்றோர். அடுத்த தலைமுறையில் நிலை மாறியது. ஊரிலிருந்த முதியோர் மறைந்தனர். திருமுல்லைவாயில் வீடே இப்போது பூர்வீக வீடு. அன்று பயணம் சென்ற பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் பணியாற்ற, அன்று அழைத்துச் சென்றவர்களே இன்று காத்திருக்கின்றனர். முல்லையின் காத்திருத்தல் கார்ப்பருவத்தில் முடிந்தது. புறநகரின் காத்திருத்தலோ இளவேனிலில் முடிகின்றது.

இளவேனிலின் பொருத்தம்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுதை ஆறாகப் பகுத்தனர் முன்னோர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். மே மாதத் தொடக்கத்தில் அக்கினி நட்சத்திரம் பிறந்து நான்கு கிழமை நீடிக்கும். அதற்கு முற்பட்ட சித்திரையின் முதற்பகுதி, வெயில் இருந்தும் தாங்கத்தக்க நாள்கள். நுங்கு வரத்தும் மாம்பழ வரத்தும் தொடங்குவதும், மொட்டைமாடியில் வடகமும் வற்றலும் உலர்வதும் இப்போதுதான். வடகம் பிழிதல் ஒருவர் செய்யும் வேலையன்று. அக்காளும் தங்கையும் அண்ணியும் ஒருங்கே அமர்ந்து செய்வது. கை வேலை செய்ய, வாய் ஓராண்டுச் செய்தியைப் பேசித் தீர்க்கும். உறவுக்கூடலுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுது அமைவது அரிது.

ஆயினும் இன்று ஒரு சிக்கல் எழுந்துள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விடுமுறை ஏப்ரல் இறுதியில் தொடங்கி சூன் தொடக்கத்தில் முடிகிறது. வளைகுடா நாடுகளிலுள்ள பள்ளிகளின் நீண்ட விடுமுறை சூலை, ஆகஸ்டு மாதங்களில் வருகின்றது. அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் மே இறுதியிலோ சூனிலோ மூடப்படுகின்றன. ஆகவே மூன்று இடங்களில் வாழும் மூன்று உடன்பிறந்தாரின் பிள்ளைகள் ஒருசேர விடுமுறை பெறும் நாள்கள் மிகச் சிலவே. இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்னரே தொடங்குமாறு விதி மாற்றப்பட்டுள்ளது. சித்திரையில் கூடவேண்டுமெனில் மாசி இறுதியிலேயே முடிவு செய்தாக வேண்டும். ‘எல்லோருக்கும் வசதிப்படும்போது பார்ப்போம்’ என்னும் குடும்பம் ஒருபோதும் கூடுவதில்லை.

எண்ணிக்கை கூறும் உண்மை

இவ்வழக்கத்தின் எதிர்காலத்தை எளிய கணக்கொன்றால் உணரலாம். ஒவ்வோர் இணையருக்கும் நான்கு மக்கள் என்று கொள்வோம். ஒரு குழந்தைக்குத் தந்தை வழியில் மூவர், தாய் வழியில் மூவர் என அறுவர் பெற்றோரின் உடன்பிறந்தார். அவர்தம் மக்கள் ஆறு பெருக்கல் நான்கு, அதாவது 24 பேர். ஒவ்வோர் இணையருக்கும் இரு மக்கள் எனில் அவ்வெண்ணிக்கை 24இலிருந்து 4ஆகச் சுருங்கும். ஒரே குழந்தை என்பது இரு தலைமுறை தொடருமாயின் அது சுழியமாகும். அக்குழந்தைக்கு மாமன் இல்லை, அத்தை இல்லை, சிற்றப்பன் இல்லை, சித்தி இல்லை.

இஃது வெறும் கற்பனையன்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் சராசரி மகப்பேறு 1992–93இல் 2.5, 2019–21இல் 1.8. சிறு குடும்பத்தால் விளைந்த நன்மைகள் பல. தாயின் உடல்நலமும் பெண்கல்வியும் அதனால் உயர்ந்தன. அதனைக் குறை கூறுதல் முறையன்று. ஆயின், உறவினர் எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வோர் உறவின் மதிப்பும் கூடுகிறது என்பதை நாம் உணரவேண்டும். அறுவருள் ஒருவரோடு பேச்சற்றுப் போனால் ஐவர் எஞ்சுவர். ஒரே அண்ணனோடு பேச்சற்றுப் போனால் எஞ்சுவது யார்? பெரியப்பன் மகனை அண்ணன் என்றே அழைக்கும் தமிழ் முறை இங்குக் கைகொடுக்கும். உடன்பிறந்தாரின்றி வளரும் குழந்தைக்கும் அண்ணன், தங்கையைத் தருவது நம் மொழி. அச்சொல்லுக்கு உயிர் வேண்டுமானால் அவ்விருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் ஒரே பாயில் உறங்கி எழவேண்டும்.

பங்கும் பங்காளியும்

உறவுக்கூடல் இனிமை ஒன்றே நிறைந்ததெனக் கூறுவது உண்மைக்கு மாறானது. ‘பங்காளி’ என்னும் சொல்லே பங்குக்கு உரியவன் எனப் பொருள்படும். ‘தாயாதி’ என்பதும் உரிமைச் சொத்தோடு தொடர்புடையதே. உறவும் உடைமையும் ஒரே சொல்லுள் அடங்கியுள்ளன. பெற்றோர் வாழும்வரை பேசப்படாத வீட்டுப் பாகம், அவர் மறைந்தபின் பேசப்படும் முதற்பொருளாகின்றது. மனை விலை ஏறிவிட்ட புறநகரில் இச்சிக்கல் மேலும் கூர்மையுறும்.

இதில் மிகுதியும் இழப்பவர் பெண்மக்கள். இஸ்லாமியச் சட்டத்தில் மகளின் பங்கு தொடக்கந்தொட்டே வரையறுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை வழங்கியது. 2005இல் அது நாடு முழுமைக்குமாயிற்று. சட்டம் வழங்கியதைச் சகோதரி பெறுகின்றாளா என்பது வேறு வினா. தன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, ‘கோடையில் வந்துபோக ஒரு பிறந்தகம் இருந்தால் போதும்’ என்று அமைதி கொள்ளும் பெண்கள் எல்லாச் சமுதாயங்களிலும் உள்ளனர். பொருளியலறிஞர் பினா அகர்வால் 1994இல் வெளியிட்ட நில உரிமை பற்றிய தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமையனின் ஆதரவை இழக்க அஞ்சியே பெண்கள் உரிமை கோராதிருக்கின்றனர் என்பது அவர் காட்டும் உண்மை. நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இதுவே. தங்கை ஆண்டுதோறும் வந்து பத்து நாள் தங்குவது அவள் பங்கைத் துறந்ததற்கான விலையாக இருத்தல் கூடாது. உரியதை அளித்தபின்னும் அவளை வருக என அழைக்கும் இல்லமே பிறந்தகம் என்னும் பெயருக்குத் தக்கது.

சுற்றத்துக்குள் மூளும் பகை பழையதே. சோழன் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது கோவூர்கிழார் இடைபுகுந்து அமைதி கூறினார் என்பதைப் புறநானூற்றின் 45ஆம் பாடல் காட்டும். எதிரே நிற்பவன் சேரனும் அல்லன், பாண்டியனும் அல்லன்; இருவரும் அணிந்தது சோழர்க்குரிய ஆத்தியே; எவர் வீழ்ந்தாலும் இழப்பு சோழர் குலத்துக்கே என்பது அப்புலவரின் வாதம். யார் பக்கம் நியாயம் என அவர் தீர்ப்பளிக்க முற்படவில்லை. இருவரும் ஒருவரே என்பதை நினைவூட்டினார். குடும்பங்களில் மூத்தோர் ஆற்றவேண்டிய பணியும் இதுவே. கம்பன் காட்டும் இராமனோ குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் உடன்பிறந்தாராக ஏற்று, நால்வரை எழுவராக்கினான். ஒரு பக்கம் பிறப்பால் வந்த உறவைப் போரால் அழிக்கப் புகுந்த வேந்தர். மறுபக்கம் பிறப்பால் வாராத உறவை அன்பால் படைத்த தலைவன். இவ்விரண்டனுள் நமக்கு வழிகாட்டி எது என்பது வெளிப்படை.

வள்ளுவர் காட்டும் நெறி

திருக்குறளின் 53ஆம் அதிகாரம் ‘சுற்றந்தழால்’. இதன் இடவைப்பு சிந்திக்கத்தக்கது. வள்ளுவர் இதனை அறத்துப்பாலின் இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலின் அரசியலில் வைத்துள்ளார். சுற்றம் என்பது தானே அமைந்து கிடக்கும் உணர்ச்சி அன்று, திட்டமிட்டுப் பேணப்படவேண்டிய செயல் என்பது இதனாற் புலப்படும். அதிகாரத் தலைப்பும் வினையாகவே அமைந்துள்ளது. சுற்றம் பிறப்பால் வருவது. தழுவுதல் முயற்சியால் வருவது.

அவ்வதிகாரத்தில் ஈகையும் இன்சொல்லும் சுற்றத்தைச் சூழச் செய்யும் என்கிறார். கரையற்ற குளத்து நீரை, உறவோடு கலவாதவன் வாழ்வுக்கு உவமையாக்குகிறார். கிடைத்ததை மறைக்காது கரைந்துண்ணும் காக்கையை எடுத்துக்காட்டாக்குகிறார். எல்லோரையும் ஒரே வகையாக நோக்காது அவரவர் தகுதியறிந்து போற்றவேண்டும் என்கிறார். இது கோடைக் கூடலுக்கு நேரே பொருந்தும் அறிவுரை. உடன்பிறந்தாருள் ஒருவர் செல்வர், மற்றவர் வேலை இழந்தவர், இன்னொருவர் நோயாளி. செலவைச் சமமாகப் பங்கிடுதல் வெளித்தோற்றத்தில் நேர்மை. நிலையறிந்து பங்கிடுதலே தழுவுதல். ஒருவரின் வருவாயையும் அவர் மக்களின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பேசும் பேச்சு, அடுத்த ஆண்டு அவரை வாராமற் செய்துவிடும்.

இன்னொன்று குறிப்பாக நோக்கத்தக்கது. பத்துக் குறள்களுள் இறுதி இரண்டும் பிரிந்து சென்ற சுற்றத்தார் திரும்பி வருதலைப் பற்றியன. மனவேறுபாட்டிற்கான காரணம் நீங்கினால் பிரிந்தவர் தாமே வருவர் என்கிறது ஒன்று. மீண்டு வந்தவரை ஆராய்ந்து ஏற்றுக்கொள்க என்கிறது மற்றொன்று. ஐந்தில் ஒரு பங்கைப் பிணக்குத் தீர்தலுக்கே வள்ளுவர் ஒதுக்கினார் எனில், பிணக்கு நேர்வது இயல்பு என்பதை அவர் நன்கறிந்திருந்தார். வந்தவரிடம் ‘இத்தனை ஆண்டு எங்கே போயிருந்தாய்?’ என வினவுவதை விடுத்து, நீக்கப்பட வேண்டிய காரணம் நம்மிடம் உள்ளதா என நோக்குதலே அக்குறள்கள் கற்பிக்கும் பாடம்.

மாணவர் செய்யத்தக்கன

கோடை விடுமுறையில் இல்லம் செல்லும் மாணவச் செல்வங்கள் இப்பாடத்தைச் செயல்வழியும் கற்கலாம். முதலாவதாக, வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு நான்கு தலைமுறைக் கொடிவழியை வரைக. பெண்மக்களின் பெயர்களையும் விடாது எழுதுக. பல கொடிவழிகளில் மகளிர் பெயர் விடுபட்டிருப்பதைக் காண்பீர். இரண்டாவதாக, பாட்டிமார் வழங்கும் உறவுச்சொற்களைப் பதிவு செய்க. தந்தையின் ஊர் வழக்கும் தாயின் ஊர் வழக்கும் வேறுபடுவதை அருகருகே எழுதினால் அதுவே ஒரு சிறு ஆய்வேடாகும். மூன்றாவதாக, பெற்றோரின் உடன்பிறந்தாருள் நெடுநாள் பேசாதிருப்பவர் எவரேனும் உளரெனில், அவர்தம் மக்களோடு நீங்கள் தொடர்பு கொள்க. பெரியோர் மூடிய கதவை இளையோர் திறத்தல் பல குடும்பங்களில் நிகழ்ந்துள்ளது.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். முதிய பெற்றோரைப் பேணும் பொறுப்பையும் சொத்துப் பங்கீட்டையும் உணவு வேளையில் பேசாது, அதற்கெனத் தனியே ஒரு பொழுதை ஒதுக்குக. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச்சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பேணாத மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை கோர அது வழி செய்கிறது. தீர்ப்பாயம் தொகையைப் பெற்றுத் தரலாம். பெற்றோரின் அருகமர்ந்து உண்ணும் பிள்ளையைப் பெற்றுத் தர இயலாது.

கைப்பேசிக் குழுக்களில் நாள்தோறும் படங்கள் வந்து குவிகின்றன. தொலைவில் உள்ளோர்க்கு அவை பெருந்துணை, மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்காள் இளைத்திருப்பதைப் படம் காட்டாது. அவள் ஏன் இளைத்தாள் என்பதை அவளும் எழுதமாட்டாள். மாடியில் இருவரும் தனித்திருக்கும் மாலையில், கேளாமலே அது வெளிப்படும். சந்திப்பின் பயன் அதுவே.

முடிவுரை

உடன்பிறப்பு என்பது பிறவி தந்த உறவு. சுற்றம் என்பது நாம் தழுவிக் காத்த உறவு. தமிழ்ச் சொற்கள் இவ்வுறவின் வரிசையையும் உரிமையையும் நமக்கு வழங்கியுள்ளன. குறள் அதனைப் பேணும் முறையை வகுத்துள்ளது. சங்கப் புலவர் அது சிதையாது காக்கும் வழியைக் காட்டினார். குடும்பங்கள் சுருங்கிவரும் இக்காலத்தில், எஞ்சியுள்ள ஓர் அண்ணனையும் ஒரு தங்கையையும் காத்துக்கொள்ளல் ஒவ்வொருவர் கடமை. திருமுல்லைவாயிலிலும் அதுபோன்ற எண்ணற்ற ஊர்களிலும் இளவேனில் தோறும் காத்திருக்கும் முதியோர் உளர். அவர்கள் இருக்கும்போதே ஒரு முறை ஒருங்கே கூடுதல், அவர்கள் மறைந்தபின் பல முறை கூடி வருந்துதலினும் மேலானது. பிள்ளைகள் தமக்குள் ஒன்றுபட்டிருக்கக் காண்பதே பெற்றோர் பெறும் பெரும்பேறு. அப்பேற்றை அவர்க்கு வழங்குவோமாக!